இறங்காத கைகள்

சாக்கோரா என்ற ஊருக்குச் சுதந்திரம் வந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் வலது கையைத் தூக்கினார்கள், தூக்கிய கை இறங்கவில்லை. அன்று மாலை இறங்கவில்லை, மறுநாள் இறங்கவில்லை, ஆப்பிள் பழுத்து உதிர்ந்து முதல் பனி விழுந்த பிறகும் இறங்கவில்லை. ஏழு மலையும் ஒரே ஒரு ரயில் பாதையும் உள்ள அந்தக் குட்டி நாட்டில் செங்கொடியை இறக்கிப் புதுக்கொடி ஏற்றிய ஊர்கள் எத்தனையோ. ஒரு ஊரில் சிலையை உடைத்தார்கள், ஒரு ஊரில் தெருப் பெயரை மாற்றினார்கள். சாக்கோராவில் நடந்தது இது.

இதற்கு வைத்தியம் தேடிப் போனவர்கள் உண்டு, காரணம் தேடிப் போனவர்கள் யாரும் இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். நாற்பது வருஷமாக மாதம் ஒரு முறை அந்த ஊரின் கலாச்சார மன்றத்தில் கூட்டம் நடக்கும். கட்சிச் செயலாளர் ஓத்தார் மேடையிலிருந்து தீர்மானத்தைப் படிப்பார். மூன்றாம் வரிசையின் ஓரத்தில் கோத்தே என்பவன் ஒரு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, கடைசியாக உயரும் கை யாருடையது என்று பார்த்துக்கொண்டிருப்பான். கடைசிக் கை யாருடையதோ அவர் வீட்டுக்கு நல்லதில்லை. அதனால் சாக்கோராக்காரர்கள் தீர்மானத்தைப் படித்து முடிக்கும் முன்பே கை தூக்கப் பழகினார்கள், பிறகு பாதி படிக்கும்போதே தூக்கினார்கள், அதற்கும் பிறகு ஓத்தார் தொண்டையைக் கனைத்து முதல் வார்த்தையைச் சொன்னவுடனே நானூறு கையும் ஒரே வீச்சில் கூரையைப் பார்க்க நிற்கும். என்ன கேள்வி என்பதை வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

சுதந்திரச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. ஓத்தார் கோட்டிலிருந்து சிவப்பு பேட்ஜைக் கழற்றியிருந்தார், ஊசி குத்திய ஓட்டை அப்படியே இருந்தது. "இந்த மண் இனி நமக்கே சொந்தம் என்பவர்களும்," என்று ஆரம்பித்தார். கைகள் பறந்து மேலே போய்விட்டன. "இந்த ஊரை நடத்த என்னையே தலைவராக ஏற்பவர்களும் கை தூக்குங்கள்," என்று அவர் சாவகாசமாக முடித்தார். பழைய கள், மொந்தை மட்டும் புதிது. ஊர் அதை உணர்ந்து கையை இறக்கப் பார்த்தது. கை வரவில்லை.

தூக்காதவர்கள் மூன்றே பேர். ஓத்தார், அவருடைய மச்சான் கேலா, நோட்டுக்காரன் கோத்தே. அவர்கள் எந்தக் காலத்திலும் கை தூக்கியவர்கள் இல்லை, தூக்கவைத்தவர்கள்.

எத்தேரியின் கையும் அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. சாக்கோராவின் ஊற்றுத் தண்ணீர் சோடா போல நுரைத்து வரும், இரும்பும் உப்பும் கலந்த ருசி. அதைப் புட்டியில் அடைக்கும் ஆலையில் இருபத்தாறு வருஷமாக மூடி போடுகிறவள். தன் கையைப் பற்றி ஊரில் யாருக்கும் இல்லாத ஆத்திரம் அவளுக்கு இருந்தது, ஏனென்றால் அந்தக் கை முன்பே ஒரு முறை அவளுக்குத் துரோகம் செய்திருந்தது.

அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. அவள் புருஷன் ரேவாஸ் அதே ஆலையில் இன்ஜினியர். ஓத்தார் உத்தரவுப்படி புட்டியில் பாதிக்குப் பாதி ஆற்றுத் தண்ணீரைக் கலந்து விற்கிறார்கள், ஊற்றுத் தண்ணீர் மேலிடத்துப் பெரிய மனிதர்களின் மாளிகைக் குளியல் தொட்டிக்குப் போகிறது என்று தலைநகரத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். அடுத்த கூட்டத்தில் ஓத்தார் எழுந்து, "நம் ஆலையின் இன்ஜினியர்" என்றார். எத்தேரியின் கை மேலே போய்விட்டது. இன்ஜினியருக்கு ஏதோ பதக்கம் கொடுக்கிறார்களாக்கும் என்று நினைக்கக்கூட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. "ரேவாஸ் மக்கள் விரோதி என்பவர்கள் கை தூக்குங்கள்" என்று முடிந்தபோது அவள் கை கூரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. இறக்கலாம் என்று பார்த்தால் கோத்தே பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தான், வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். அவள் இறக்கவில்லை. ரேவாஸ் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைத்தான் பார்த்தான். அவனை வடக்கே சுரங்கத்துக்கு அனுப்பினார்கள், மூன்றாம் வருஷம் அவனுடைய பூட்ஸ் மட்டும் தபாலில் வந்தது.

அப்படிப்பட்ட கை இப்போது ராப்பகலாகத் தலைக்கு மேலே நின்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஊர் பழகிக்கொண்டது. ஊருக்கென்ன, எதற்கும் பழகிவிடும். தையல்காரி வலது தோளை மேலே திறந்து வைத்துச் சட்டை தைத்தாள், தச்சன் லேவான் வீடு வீடாகப் போய் வாசல் நிலைக்கு மேலே ஒரு முழம் வெட்டிவிட்டான், வெட்டக் காசில்லாதவர்கள் மண்டியிட்டு வீட்டுக்குள் போனார்கள், பெண்கள் இடது கையால் மாடு கறந்தார்கள், பஸ் டிரைவர் மேற்கூரையில் ஓட்டை போட்டுக் கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினான், மழைக்காலத்தில் அந்தக் கையிலேயே குடையைக் கட்டிக்கொண்டார்கள், குருவிகள் வந்து விரலில் உட்கார்ந்தால் விரட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் அழுதார்கள், மூன்றாம் வாரம் வழி கண்டுபிடித்தார்கள். தலைநகரத்திலிருந்து வந்த டாக்டர் எல்லோர் கையையும் தட்டிப் பார்த்துவிட்டு, "புது நாடு இல்லையா, ஆரம்பத்தில் கொஞ்சம் பிடிப்பு இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி வைட்டமின் மாத்திரை கொடுத்துப் போனார்.

வெளிநாட்டிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். ஜனநாயகம் என்றால் என்ன என்று பெரிய பெரிய வெள்ளைத் தாளில் வட்டம் போட்டுக் காட்டினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். மன்றம் முழுக்க உயர்ந்த கைகளைப் பார்த்து அவர்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மக்களின் பங்கேற்பு நாங்கள் வேறெங்கும் காணாத அளவுக்கு உற்சாகமாக இருக்கிறது என்று அறிக்கை எழுதி, ஓத்தாரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவராவது, "ஏனம்மா கையை இறக்க மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்கவில்லை. பிஸ்கட்டை இடது கையால் வாங்கித் தின்றோமே, அந்த வெட்கம் எத்தேரிக்கு ஒரு வாரம் போகவில்லை.

ஆடு நனைகிறதென்று அழுத ஓநாயான ஓத்தாருக்கு அதற்குப் பிறகு நல்ல காலம். கூட்டம் போட வேண்டியது, தீர்மானத்தைப் படிக்க வேண்டியது, கைகள் ஏற்கெனவே மேலேதான் இருக்கின்றன. முதல் தீர்மானம், இனி யாரும் யாரையும் தோழர் என்று சொல்லக்கூடாது, தலைவரை மாண்புமிகு என்று சொல்ல வேண்டும், ஏகமனதாக நிறைவேறியது. ஐந்தாம் தீர்மானம், நூலகத்தை மூடுவது, ஏகமனதாக. ஒன்பதாம் தீர்மானம், மன்றத்து பெஞ்சுகளை எல்லாம் கேலா புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடைக்குக் கொடுப்பது. அதுவும் ஏகமனதாக, அன்றிலிருந்து ஊர் நின்றுகொண்டே கூட்டம் கேட்டது. கையெழுத்துப் போட, முத்திரை குத்த, கார் ஓட்ட, எல்லா வேலைக்கும் வலது கை சும்மா இருக்கிற ஆள்தான் வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள், அந்த வேலைகள் எல்லாம் அந்த மூன்று பேருக்கே போயின. கோத்தே தேர்தல் ஆணையர் ஆனான். அதே நோட்டு, அதே பென்சில்.

பதினான்காவது கூட்டத்தில் எத்தேரி வாயைத் திறந்தாள்.

"மாண்புமிகு தலைவரே, இந்தக் கையை வெச்சு எண்ணறது வேண்டாம். பக்கத்து மாவட்டத்துல பெட்டி வெச்சிருக்காங்களாம், சீட்டு எழுதிப் போடறாங்களாம். நமக்கும் அப்படி வைங்க. இடது கையால எழுதத் தெரியும் எங்களுக்கு."

ஓத்தார் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் இப்போதெல்லாம் கோபித்துக்கொள்வதே இல்லை. "சகோதரி நல்ல யோசனை சொல்றாங்க. ஜனநாயகம்னா மக்கள் முடிவுதான். கையை எண்ணுற முறையே தொடரட்டும்னு நினைக்கறவங்க கை தூக்குங்க."

கோத்தே எண்ணினான். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் எத்தேரியின் கையும் ஒன்று. அவளுக்கு அந்தக் கையைத் தோளோடு வெட்டி எறிந்துவிடலாம் போல இருந்தது.

நவம்பரில் ஆலைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அரசாங்கச் சொத்தெல்லாம் யார் பேருக்கு என்று அந்தந்த ஊர் தீர்மானித்து, தீர்மானத்தை முப்பதாம் தேதி மாலைக்குள் தலைநகரத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாதது ஊர்ப் பொதுச் சொத்தாகிவிடும், பிறகு மாற்ற முடியாது. முப்பத்தோராம் தீர்மானமாக, சாக்கோராவின் ஊற்றும் ஆலையும் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு ஓத்தார் பேருக்கு. கூட்டம் முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு. தலைநகரத்துக்கு ஒரே ரயில், பிற்பகல் மூன்று மணிக்கு.

எத்தேரி நோட்டீஸை மூன்று முறை படித்தாள். இந்தத் தண்ணீருக்காகத்தான் ரேவாஸ் போனான். தண்ணீரைத் திருடினவனுக்கே ஊற்றை எழுதிக் கொடுக்கப் போகிறார்கள், எழுதிக் கொடுக்கப் போகிற கைகளில் ரேவாஸின் பெண்டாட்டி கையும் இருக்கும். "மறுபடியுமா?" என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். பக்கத்தில் நின்ற மனானா, மூடி போடும் வரிசையில் அவளுக்கு அடுத்த ஆள், பயந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள்.

அந்த வாரம் ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் வேலை பார்த்த வாஸோ செத்துப்போனான். தூக்கிய கையோடு செத்த முதல் ஆள் அவன்தான், அந்தக் கை சாவிலும் மடங்கவில்லை. லேவான் சவப்பெட்டியை ஒரு கை நீளம் கூட்டிச் செய்திருந்தான். வாஸோ அதில் மல்லாந்து படுத்திருந்தான், தலைக்கு அந்தப் பக்கம் கை நீண்டு கிடந்தது. எல்லோரும் கல்லறை ஓரத்தில் ரொட்டியும் பிளம் சாராயமும் வைத்துக்கொண்டு நிற்கையில் கோத்தே வந்தான், பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நோட்டில் பென்சிலை ஓட்டினான்.

"என்னடா எழுதறே?" என்றாள் எத்தேரி.

"வாஸோ பேரை அடிக்கிறேன். கை உயரலை, இனி கணக்குல இல்லை. நானூத்திப் பதினொண்ணு."

"கைதான் நீட்டிக்கிட்டு இருக்கே?"

"படுத்துட்டானேம்மா. படுத்தவன் கை எப்படி உயர்ந்த கை ஆகும்?"

எத்தேரி ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினாள். செத்துப் படுத்த பிறகுதான் இந்த ஊரில் ஒருவன் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது! அவள் குனிந்து வாஸோவைப் பார்த்தாள், நிமிர்ந்து கோத்தேயைப் பார்த்தாள், சட்டென்று இடது கையால் அவன் நோட்டைப் பிடுங்கினாள். வாஸோ பேரை எப்படி அடித்திருக்கிறான் என்று பார்க்கத்தான் பிடுங்கினாள். பக்கத்தைத் திருப்பினால் வெள்ளை. அடுத்த பக்கம் வெள்ளை. முதல் பக்கம், நடுப்பக்கம், பழுப்பேறிய பழைய பக்கங்கள், ஒன்றிலும் ஓர் எழுத்து கிடையாது.

"பழைய நோட்டெல்லாம் எங்கேடா?"

"இதேதாம்மா. ஒரே நோட்டுதான்."

"கடைசிக் கையெல்லாம்?"

கோத்தேக்கு முகம் சுருங்கிவிட்டது. "கடைசிக் கைன்னு ஒண்ணு இருந்தாத்தானே எழுத? எல்லாரும் ஒண்ணாத் தூக்கிட்டீங்க. நான் சும்மா பென்சிலை ஓட்டுவேன். நீங்க நோட்டைப் பாத்துப் பயந்தீங்க, நான் ஓத்தாரைப் பாத்துப் பயந்தேன். எழுதலைன்னு அவருக்குத் தெரிஞ்சா என்னை விட்டிருப்பாரா?"

எத்தேரி டம்ளரில் இருந்த சாராயத்தை அவன் முகத்தில் வீசினாள். அது போதவில்லை, டம்ளரையும் வீசினாள். ஒரு வெள்ளைக் காகிதத்துக்குப் பயந்து என் புருஷனைச் சுரங்கத்துக்கு அனுப்பினேனே என்று வாஸோவின் குழி மேட்டில் உட்கார்ந்து அவள் கத்திய கத்தலில் மலை மேல் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன. ஊர் சுற்றி நின்றது. எல்லோருக்கும் அப்படி ஒரு கூட்டம் ஞாபகத்தில் இருந்தது, அண்ணனுக்கோ அக்காவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ எதிராக உயர்ந்த ஒரு கை. யாரும் யாரையும் தேற்றவில்லை.

மறுநாளிலிருந்து எத்தேரி ரொட்டிக் கடை வரிசையில் நின்றாள். தன் முறை வந்தால் வாங்காமல் மறுபடி கடைசிக்குப் போவாள், முன்னால் நிற்பவர் காதிலும் பின்னால் நிற்பவர் காதிலும் ஒன்றையே சொல்வாள். "முப்பதாம் தேதி அவன் வாயிலேர்ந்து முதல் வார்த்தை விழுந்ததும் படுத்துரு. என்ன சொல்றான்னு கேக்காதே. நாப்பது வருஷமா கேக்காமத்தானே தூக்கினே, ஒரு நாள் கேக்காமப் படு."

"இடம் பத்தாதேடி, அவ்வளவு பேர் படுக்க," என்றாள் மனானா.

"ஒருத்தி வயித்துல ஒருத்தி தலையை வெச்சுப் படு. எலும்பு முறிஞ்சா முறியட்டும்."

முப்பதாம் தேதி காலை மன்றத்தில் மூச்சு விட இடமில்லை. கைகள் காடாக நின்றன. மேடையில் ஓத்தார், பக்கத்தில் முத்திரைப் பெட்டியோடு கேலா, ஓரத்தில் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய கோத்தே. எத்தேரி மேடைக்கு அருகில் நின்றாள். தான் மட்டும் படுத்து மற்றவர்கள் நின்றுவிட்டால்? அதைவிட, தானே படுக்காமல் நின்றுவிட்டால்? தன் உடம்பை நம்ப அவளுக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை.

ஓத்தார் தொண்டையைக் கனைத்தார். "நம் ஊற்று," என்றார்.

எத்தேரி அப்படியே பின்னால் சாய்ந்தாள், மனானா அவள் மேல் சாய்ந்தாள், லேவான் இருவர் காலிலும் விழுந்தான், கதிர் சாய்கிற மாதிரி மன்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நானூற்றுப் பதினொரு பேர் தரையில் விழுந்தார்கள், தலைக்கு மேலே நின்ற கைகள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன, யாருக்கோ பல் உடைந்தது, யாரோ சிரித்தார்கள், ஓத்தார் மட்டும் நிறுத்த முடியாமல், "ஆலையும் என் பேருக்குப் பதிவாகச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்," என்று வெறும் காற்றைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

"எண்ணு," என்றாள் எத்தேரி தரையிலிருந்து.

கோத்தே எழுந்தான். பென்சில் நுனி ஒவ்வொரு வரிசையாகப் போயிற்று. அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது. "ஆதரவு... யாரும் இல்லை."

"எந்திரிங்க!" ஓத்தார் கத்தினார். கோபமே வராத மாண்புமிகுவுக்கு அன்று கோபம் வந்துவிட்டது. "ஜனநாயகத்துல படுக்கறதுக்கு இடமில்லை! பன்றிக் கூட்டமா இது? பார்வையாளர்கள் கேட்டா என்ன நினைப்பாங்க?"

ஒருவரும் எழவில்லை. அவர் காத்திருந்தார். வயதானவர்களுக்கு முதுகு வலிக்கும், யாருக்காவது ஒன்றுக்கு வரும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டில் காத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மேடையில் உலாவினார். முதுகு வலித்தது, ஒன்றுக்கும் வந்தது, வந்தவர்கள் அங்கேயே போனார்கள். மணி இரண்டைத் தாண்டியது. ஓத்தார் கோத்தேயின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார், முப்பத்தோராம் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று தன் கையாலேயே எழுதினார், முத்திரை குத்தினார், மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"படுத்தே கிடங்க," என்றார். "உங்க சம்மதம் எனக்கு எதுக்கு? தலைநகரத்துல காகிதத்தைத்தான் பாப்பாங்க."

மேடையை விட்டு இறங்க ஒரு காலை நீட்டினார். வைக்க இடமில்லை. இந்தப் பக்கம் ஒரு வயிறு, அந்தப் பக்கம் ஒரு முகம். மேடைக்குப் பின்னால் இருந்த கதவை, வாக்கெடுப்புக்கு முன் எவனும் நழுவக்கூடாது என்று அவரே ஒரு காலத்தில் ஆணி அடித்து மூடச் சொல்லியிருந்தார். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. இருந்த ஒரே வழி மன்றத்தின் மறுகோடியில், நானூற்றுப் பதினொரு பேருக்கு அப்பால். துணிந்து லேவானின் உள்ளங்கை மேல் பூட்ஸை வைத்தார். லேவான் முனகவில்லை, இடது கையால் அந்தப் பூட்ஸின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஓத்தார் காலை உருவிக்கொண்டு மறுபடி மேடைக்கு ஏறினார். கீழே அத்தனை கண்களும் கொட்டாமல் அவரைப் பார்த்தன. எட்டிப் பார்த்தால் எங்கு மிதித்தாலும் பத்துக் கை வந்து காலைப் பிடிக்கும் என்று தெரிந்தது.

"கொஞ்சம் நகருங்களேன்," என்றார் ஓத்தார். யாரும் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "ரயில் போயிடும். எல்லாருக்கும் பங்கு தரேன். பேசித் தீர்த்துக்கலாம். எத்தேரி, நீயாவது சொல்லு, வழி விடச் சொல்லு."

"நான் யாரு சொல்ல?" என்றாள் எத்தேரி. அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள், குரலில் பன்னிரண்டு வருஷத்து எரிச்சல் இருந்தது. "மக்கள் முடிவுதானே ஜனநாயகம்? கோத்தே, முப்பத்திரெண்டாம் தீர்மானம். எழுதிக்கோ."

கோத்தே பழக்க தோஷத்தில், "யார் கொண்டு வர்றது?" என்றான்.

"ரேவாஸோட பொண்டாட்டி." அவள் ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டாள். முழுக் கேள்வியையும், ஒவ்வொரு வார்த்தையையும், எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஓத்தார் ரயிலைப் பிடிக்க, நாம எல்லாரும் நகர்ந்து வழி விடலாம்னு நினைக்கறவங்க, கை தூக்குங்க."

அந்த மன்றத்தில் ஒரு கேள்வியை ஊர் கடைசி வரை கேட்டது அன்றுதான். தரையில் ஒரு விரல்கூட அசையவில்லை. கேலா இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான். ஓத்தார் கேலாவைப் பார்த்தார், கோத்தேயைப் பார்த்தார், பிறகு, வாழ்நாளில் முதல் முறையாக, தன் வலது கையை மெல்லத் தூக்கினார்.

"ஆதரவு ஒண்ணு," என்று கோத்தே நோட்டில் எழுதினான். "எதிர்ப்பு நானூத்திப் பதினொண்ணு."

மூன்று மணி ரயில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் சத்தம் கேட்டது. ஓத்தார் தூக்கிய கையோடு நின்றார், அவருக்காக யாரும் நகரவில்லை.